ஏவுகணை தாங்கிய நாசகாரிக் கப்பல்



மலைகளே மதில்களாக நிற்கும் கண்டி மாநகரிலே கடற்போர்க் கப்பலைப் பற்றிய பேச்சு எதற்கு என்று உங்களுட் சிலர் வினவக்கூடும். பேராதனைப் பூந்தோட்டத்து மரநிழலில் உலவியவர்களுக்கு அந்த ஐயம் எழ வேண்டுவதில்லை. 1944ஆம் ஆண்டு ஏப்ரலில் தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் டில்லியை விட்டு அத்தோட்டத்துக்கு வந்தது. அதன் தலைவர் மவுண்ட்பேட்டன் பிரபு, முன்னர் ‘கெல்லி’ என்னும் நாசகாரிக் கப்பலின் தளபதியாயிருந்தவர். 1941 மே 23ஆம் நாள் கிரீட் தீவின் அருகே ஜெர்மானிய விமானங்கள் அக்கப்பலைக் குண்டுவீசி மூழ்கடித்தன. மாலுமிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். அவரோ நீந்தித் தப்பினார்.

கெல்லியின் பெரிய பீரங்கிகள் 40 பாகைக்கு மேல் நிமிர்ந்து சுட இயலாதவை. தலைக்கு நேர் மேலிருந்து செங்குத்தாகப் பாயும் விமானத்தை அவை என் செய்யும்? மறு ஆண்டு இதே துயரம் நம் கரையிலும் நேர்ந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில், ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் அதற்குத் துணையாகச் சென்ற ‘வம்பயர்’ என்னும் ஆஸ்திரேலிய நாசகாரியும் ஜப்பானிய விமானங்களால் அழிந்தன. விமானந்தாங்கி என்பது பெயரளவே; அன்று அதில் ஒரு விமானந்தானும் இருக்கவில்லை.

வானிலிருந்து வரும் இடரை வெல்லும் வழியைத் தேடியதன் விளைவே ஏவுகணை தாங்கிய நாசகாரி. பீரங்கிக் குண்டு குழாயை விட்டு நீங்கியபின் அதன் போக்கை மாற்ற ஒருவராலும் ஆகாது. ஏவுகணையோ பறக்கும்போதே வழி திருத்தப்படுவது. பகைப்பொருள் திரும்பினால் தானும் திரும்புவது.

நாம் அறியத்தக்க ஓர் எடுத்துக்காட்டு, இந்தியக் கடற்படையின் ‘சென்னை’. மும்பாயிலுள்ள மசகான் கப்பல் தளத்திலே கட்டப்பெற்று, 2016 நவம்பர் 21ஆம் நாள் பணியில் சேர்ந்த இக்கப்பலின் நீளம் ஏறத்தாழ 164 மீற்றர். எடை 7,500 தொன். பக்கச் சுவர்கள் நேராக நில்லாமல் சாய்ந்திருப்பதைக் காணலாம். பகைவரின் ரேடார் அலைகள் வந்த வழியே திரும்பாமல் வேறு திசையிற் சிதற வேண்டும் என்பதற்காகவே இந்தச் சாய்வு.

கப்பலின் கண் ரேடார். பழைய ரேடார் சுழன்று சுழன்று பார்ப்பது. இதிலோ நான்கு தட்டையான முகங்கள் நாற்றிசையும் நோக்கி அசையாது நின்று, மின்னணுவியல் முறையால் அலைக்கற்றையை வேண்டிய பக்கம் நொடியில் திருப்புகின்றன. ஆயினும் கண் எத்துணைக் கூரியதாயினும் பூமியின் வளைவை ஊடுருவாது. கண்டி வாவிக்கரையில் நிற்பவருக்குச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு அப்பாலுள்ளது தெரியாது. ஹந்தானை மலைமேல் ஏறினவருக்கு வெகுதூரம் தெரியும். ரேடாரைக் கப்பலின் உச்சியிலே வைப்பதும் இதனாலேதான். 25 மீற்றர் உயரத்திலுள்ள ரேடாருக்கு, அலைகளின் மேல் 5 மீற்றர் உயரத்தில் வரும் ஏவுகணை, ஏறக்குறைய 30 கிலோமீற்றரில்தான் முதன்முதலாகத் தென்படும். அது கண்டியிலிருந்து மாத்தளைக்குள்ள சாலைத் தூரத்தினும் சற்றே அதிகம். நொடிக்கு 300 மீற்றர் வேகத்தில் வருவதாயின் கப்பலுக்குக் கிடைப்பது 100 நொடிகள். மும்மடங்கு வேகமாயின் 33 நொடிகளே.

அந்நேரத்துள் ஏவுதளத்தைத் திருப்பிக் குறிபார்க்க அவகாசம் ஏது? ஆதலால் ‘சென்னை’யின் 32 ‘பராக்-8’ ஏவுகணைகளும் தளத்தினுள்ளே அறைகளில் செங்குத்தாக நிறுத்தப்பட்டுள்ளன. நேரே மேலெழுந்து, பின்னர் எத்திசையிலும் வளைந்து பாயும். இறுதிக் கட்டத்தில் தம் மூக்கிலுள்ள சிறு ரேடாரால் இலக்கைத் தாமே தேடிக்கொள்ளும். அவற்றுக்கும் தப்பியதை விரைவுத் துப்பாக்கிகள் எதிர்க்கும். உலோகப் பூச்சுள்ள இழைகளை வானில் தூவி, பகை ஏவுகணையை ஏமாற்றும் கருவியும் உண்டு. தாக்குதற்கு 16 ‘பிரமோஸ்’ ஏவுகணைகள். நீர்மூழ்கிகளுக்கு எதிராக டார்ப்பீடோக்களும் ஹெலிகொப்டர்களும் உள்ளன.

இக்கப்பலின் ரேடார் இஸ்ரவேலருடையது. எந்திரங்கள் உக்ரேன் நாட்டவை. பிரமோஸ் இந்தியரும் ரஷ்யரும் கூடிச் செய்தது. 2022 முதல் ஒருவரோடொருவர் பொருத இரு நாட்டாரின் கைவேலை ஒரே கப்பலில் இணைந்திருப்பது விந்தையன்றோ!

இத்தனை கருவிகள் இருந்தும் காப்பு உறுதியென எண்ணற்க. 1982 மே 4ஆம் நாள் போக்லந்துத் தீவுப் போரிலே, பிரித்தானிய ஏவுகணை நாசகாரியாகிய ‘செபீல்ட்’ ஒரே ஓர் ஏவுகணையால் தீப்பற்றியது. 20 பேர் மாண்டனர். அவ்வேளை செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தமையால், அதன் எச்சரிக்கைக் கருவி செவிடாகிக் கிடந்தது.

நாசகாரிக்கு எப்போதும் ஏவுகணைதான் வேலை என்பதுமில்லை. 2024 சனவரி 4ஆம் நாள், சோமாலியாவுக்கு அப்பால் அரபிக் கடலிலே, ‘லீலா நோபோக்’ என்ற சரக்குக் கப்பலைக் கடத்த முயன்றனர். ‘சென்னை’ விரைந்து சென்று அதனை மறித்தது. அதிலிருந்து சென்ற வீரர்கள் ஏறித் தேடியபோது கொள்ளையர் அகன்றிருந்தனர். மாலுமிகள் 21 பேரும் காப்பறையுள்ளே உயிரோடிருந்தனர். அவருள் 15 பேர் இந்தியர். செங்குத்து அறைகளின் மூடிகள் அன்று திறக்கப்படவேயில்லை.