உத்திரமேரூர் சபையும் வாரியங்களும்

உத்திரமேரூர் சபை என்பது, சோழர் காலத்தில் உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் என்ற பிரமதேய ஊரை ஆண்ட உள்ளாட்சி மன்றமாகும். இவ்வூர் இன்று தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் என வழங்குகிறது. சபையின் நாள்தோறுமான பணிகளை வாரியங்கள் எனப்பட்ட குழுக்கள் செய்துவந்தன. அவற்றின் உறுப்பினர்கள் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

கல்வெட்டுகள்

இம்முறையை விளக்கும் இரு கல்வெட்டுகள் இவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. இவை முதலாம் பராந்தக சோழனின் 12 ஆம், 14 ஆம் ஆட்சியாண்டுகளைச் (பொ.ஊ. 919, 921) சேர்ந்தவை. அரசனின் ஆணைப்படி, அவன் அனுப்பிய அதிகாரி உடனிருக்க, சபையே கூடி இந்த ஏற்பாடுகளைச் செய்தது. முதல் கல்வெட்டில் சொல்லப்பட்ட விதிகள் இரண்டே ஆண்டுகளில் திருத்தி விரிவாக்கப்பட்டன. கீழே தரப்பட்டுள்ளவை 921 ஆம் ஆண்டு விதிகளாகும்.

உறுப்பினராவதற்கான தகுதிகள்

* கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் உடையவராக இருத்தல். ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும்.
* சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருத்தல்.
* 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருத்தல்.
* வேதக் கல்வியும், காரியங்களில் திறமையும், நேர்வழியில் ஈட்டிய பொருளும் உடையவராக இருத்தல்.
* முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியப் பொறுப்பு வகிக்காதவராக இருத்தல்.

தகுதி இழப்போர்

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்கள் மீண்டும் தேர்வு பெற முடியாது. அத்தடை அவர்களோடு நிற்கவில்லை. தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், தாய்மாமன், சிற்றன்னை பெரியன்னை மக்கள் எனச் சுற்றத்தார் பலரையும் அது கட்டுப்படுத்தியது. பிறர் பொருளைக் கவர்ந்தோரும் பெரும் பாவங்கள் செய்தோரும் விலக்கப்பட்டனர். கணக்கை மறைப்பதற்கு உறவினரின் துணை கிடைக்காமல் செய்வதே சுற்றத்தார் மீதான தடையின் பயன் எனலாம்.

குடவோலை முறை

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்ற பகுதியாகும். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்கள் தனித்தனி ஓலைகளில் எழுதப்பட்டன. அவை குடும்பு வாரியாகக் கட்டப்பட்டு, மேலே வாயோலை வைத்துக் குடத்தில் இடப்பட்டன. இளையோரும் முதியோரும் அடங்கிய முழுச் சபையும் கூடியிருக்க, அன்று ஊரிலுள்ள கோயில் நம்பிமார் அனைவரும் மண்டபத்தினுள் அமர்ந்தனர். அவர்களுள் மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுத்தான். அக்கட்டின் ஓலைகள் வேறொரு குடத்தில் இட்டுக் குலைக்கப்பட்டன. அதிலிருந்து அவன் எடுத்த ஒற்றை ஓலையை மத்தியஸ்தன், ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கினான். கையில் வேறு ஓலை மறைந்திருக்க வழியில்லை. அவன் வாசித்த பின், நம்பிமார் அனைவரும் அதை வாசித்தனர். இவ்வாறு குடும்புக்கு ஒருவராக 30 பேர் தேர்வாயினர்.

வாரியங்கள்

தேர்வான முப்பதின்மரில், முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களும் கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களுமான 12 பேர் சம்வத்சர வாரியம் (ஆண்டு வாரியம்) ஆயினர். எஞ்சியோரில் 12 பேர் தோட்ட வாரியமும், 6 பேர் ஏரி வாரியமும் ஆயினர். பதவிக்காலம் 360 நாட்கள். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் அறுவர் வீதம் தனியே குடவோலை இட்டுத் தேர்ந்தனர். ஏரிப் பாசனத்தை நம்பிய ஊரில், ஏரியைக் காக்கும் பொறுப்பு தனி வாரியத்திடம் இருந்தமை குறிப்பிடத்தக்கது.

பதவியில் இருக்கும்போது குற்றம் கண்டறியப்பட்டால் அவர் உடனே விலக்கப்பட்டார். கணக்கு எழுதுவோனுக்கும் விதி இருந்தது. தான் எழுதிய கணக்கைத் தானே ஒப்படைத்து, தூயவன் என அறியப்பட்ட பின்னரே அவன் மீண்டும் நியமனம் பெற முடியும். அவனுக்காக வேறொருவன் கணக்கு முடிக்க முடியாது.

இக்கால அமைச்சரவையுடன் ஒப்பீடு

வாரியங்களைச் சிலர் அமைச்சரவைக்கு ஒப்பிடுவர். பணிகளைத் துறை வாரியாகப் பிரித்தல் இரண்டுக்கும் பொது. ஆனால் இந்தியாவிலும், ஒரே நகரம் நாடாக விளங்கும் சிங்கப்பூரிலும் பிரதமராவதற்கு நாடாளுமன்றப் பெரும்பான்மையின் ஆதரவு வேண்டும். அமைச்சர்கள் அவர் அறிவுரைப்படி நியமிக்கப்படுகின்றனர். இரு நாடுகளிலும் அமைச்சரவை நாடாளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. நம்பிக்கை இழந்தால் அரசு விலக நேரும்.

உத்திரமேரூரில் கட்சியும் இல்லை, பெரும்பான்மையும் இல்லை. குடும்புக்குள் யார் வருவது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. பண்டைய ஏதென்சிலும் பல பதவிகள் குலுக்கல் மூலமே நிரப்பப்பட்டன. குலுக்கலால் வந்தவரை அடுத்த தேர்தலில் தோற்கடிக்க முடியாது. எனவே குறுகிய பதவிக்காலம், மூன்றாண்டு இடைவெளி, கணக்கு ஒப்படைப்பு ஆகிய மூன்றுமே அவரைக் கட்டுப்படுத்தின.

வரம்புகள்

இது எல்லோருக்குமான மக்களாட்சி அன்று. நிலமும் வேதக் கல்வியும் தகுதியாக இருந்தமையால் பிராமண நிலவுடைமை ஆடவரே வாரியங்களில் இடம்பெற்றனர். பெண்களுக்கும், நிலத்தில் உழைத்தோருக்கும் இடமில்லை. பிரமதேயம் அல்லாத ஊர்களில் ஊர் என்ற அவையும், வணிகர் வாழ்ந்த இடங்களில் நகரம் என்ற அவையும் இருந்தன. ஆகவே இக்கல்வெட்டுகளைக் கொண்டு சோழ நாடு முழுவதும் இதே முறை நிலவியது எனக் கூற இயலாது. எனினும் பொறுப்பில் இருந்தவர் கணக்குக் காட்டியே ஆகவேண்டும் என்ற விதியை அனைவரும் காணக் கல்லில் வெட்டிவைத்த வகையில் இவை தனிச்சிறப்பு உடையவை.