தடங்கள் சொல்லும் செய்தி

ஓடுவோரும் மிதிவண்டி ஓட்டுவோரும் தாம் கடந்த வழியைப் பதிவுசெய்து பகிர உதவும் செயலி, ஸ்ட்ராவா. பயனர்களின் தடங்களை ஒன்றுதிரட்டி, 2017 நவம்பரில் அது உலக வரைபடம் ஒன்றை வெளியிட்டது. அதில் எவருடைய பெயரும் இல்லை. ஒளிக்கோடுகள் மட்டுமே இருந்தன. ஆயினும், 2018 சனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதனைக் கூர்ந்து நோக்கி, ஓர் இடரைச் சுட்டிக்காட்டினார். சிரியா, ஆப்கானிஸ்தான் நாடுகளின் ஆளரவமற்ற பகுதிகளில், படைமுகாம்களைச் சுற்றி வீரர்கள் ஓடிய வழிகள் ஒளிர்ந்தன. உடல்நலம் பேண ஓடியவர்கள், தம் முகாமின் அமைப்பையே உலகுக்கு வரைந்து காட்டிவிட்டனர்.

தனித்தனியே தீங்கற்றவையாகத் தோன்றும் துணுக்குகள், ஒன்றுசேரும்போது மறைபொருளை வெளிப்படுத்துகின்றன. நம் பதிவுகளுக்கும் இது பொருந்தும். சீருடை, பயிலும் பள்ளியைக் காட்டும். நாள்தோறும் பகிரும் பேருந்து நிறுத்தப் படம், நாம் செல்லும் வழியையும் வேளையையும் காட்டும். தேர்வு நுழைவுச்சீட்டைப் படமெடுத்துப் பகிர்ந்தால், அதிலுள்ள பதிவெண்ணைப் பிறர் அறிவர். பிறந்தநாள் வாழ்த்துகளிலிருந்து பிறந்த தேதியும் கிடைத்துவிடும். இணையத்தில் நம் மதிப்பெண்ணைப் பிறர் காண அவ்விரண்டே போதும்.

எனவே, பகிர்வதற்கு முன், ‘இப்படத்தில் என்ன இருக்கிறது?’ என்று மட்டுமன்றி, ‘முன்னர்ப் பகிர்ந்தவற்றோடு சேர்ந்தால் இது எதைச் சொல்லும்?’ என்றும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.