பிறர் மனம் திறக்கும்போது நாம் கற்பவை

"எனக்கு மட்டும் ஏன் இப்படி?" நீண்டநாள் நோயோடு வாழ்வோரும் அவர்களைப் பராமரிப்போரும் தமக்குள் பலமுறை கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. அதே துன்பத்தில் இருக்கும் மற்றொருவர் மனம்விட்டுப் பேசுவதைக் கேட்கும்போது இக்கேள்வியின் பாரம் சற்றுக் குறைகிறது. பிறருடைய மனநல ஆலோசனை அமர்வுகளைக் கேட்பதால் விளையும் நன்மைகளையும், அதில் தேவைப்படும் எச்சரிக்கையையும் இங்கே விளக்குகிறோம்.

தொடக்கம்

1905ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்னும் மருத்துவர், ஏழைக் காசநோயாளர்களை வாரந்தோறும் ஒன்றுகூட்டினார். ஓய்வு, தூய காற்று, உணவு ஆகியவை குறித்து அறிவுறுத்துவதே அவரது நோக்கம். ஆயினும் ஒருவர் தேறிவருவதைக் கண்டும் கேட்டும் மற்றவர்கள் ஊக்கம் பெற்றனர். இன்றைய குழு சிகிச்சைக்கு இதுவே முன்னோடியாகக் கருதப்படுகிறது.

உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் ஆலோசனை அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். ஆலோசனை பெற்ற ஒருவரின் பெயரை மறைத்து, அவரோடு நிகழ்ந்த உரையாடல்களை 1942இல் சொல்லுக்குச் சொல் நூலில் வெளியிட்டார். இன்றோ, உண்மையான அமர்வுகளை உரியவர்களின் இசைவோடு ஒலிபரப்பும் பாட்காஸ்ட்களும் உள்ளன.

நாம் கற்பவை

முதலாவது, நாம் தனியர் அல்லர் என்னும் தெளிவு. படுக்கையில் இருக்கும் தாயைப் பராமரிக்கும் மகளுக்குச் சில நாள் எரிச்சல் வரும். உடனே குற்றவுணர்வும் வரும். "இப்படி நினைப்பவள் நான் ஒருத்திதான்" என்று அவள் மறைத்து வைப்பாள். அதே எண்ணத்தை இன்னொருவர் வாய்விட்டுச் சொல்லக் கேட்டால், அது களைப்பின் வெளிப்பாடு என்பது அவளுக்குப் புரியும். குழு சிகிச்சை குறித்து 1970இல் நூல் எழுதிய மனநல மருத்துவர் இர்வின் யாலோம், இவ்வுணர்வைக் குணமளிக்கும் கூறுகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறார்.

இரண்டாவது, உணர்வுகளுக்குரிய சொற்கள். நம்மில் பலர் "மனசு சரியில்லை", "நெஞ்சு படபடக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அதற்குள் அச்சம், துக்கம், கோபம், வெட்கம் ஆகியவற்றுள் எது இருக்கிறது என்று பிரித்தறிந்தால்தான் மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல இயலும்.

மூன்றாவது, செவிமடுக்கும் முறை. நோயாளர் அழத் தொடங்கினால், "அழாதே, எல்லாம் சரியாகிவிடும்" என்று நாம் அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் அவர் சொல்ல வந்தது அத்துடன் நின்றுவிடுகிறது. நல்ல ஆலோசகர் அவ்விடத்தில் சற்று மௌனம் காக்கிறார், பின்பு, "இரவு நேரத்தில்தான் பயம் அதிகமாகிறது என்கிறீர்கள், அப்படித்தானே?" என்று, கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்கிறார். இதனை வீட்டிலும் பழகலாம்.

கவனிக்க வேண்டியவை

• பிறர் கதையைக் கொண்டு உங்கள் நோயை நீங்களே முடிவு செய்ய வேண்டாம். அவர் உட்கொண்ட மருந்து உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

• குழு அமர்வில் கேட்டதை வெளியே பேசுவதோ, கைப்பேசியில் பதிவு செய்வதோ கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் இரகசியத்தை நோயாளரின் உரிமையாக்கியுள்ளது.

• கேட்கும்போது பழைய துயரம் மேலெழுந்து மனம் கலங்கினால் நிறுத்திவிடுங்கள். அடுத்த சந்திப்பில் அதை ஆலோசகரிடம் கூறுங்கள்.

• கேட்டு முடித்ததும், "இதில் எது என்னைத் தொட்டது?" என்று ஓரிரு வரிகள் எழுதி வையுங்கள். உங்கள் சொந்த அமர்வுக்கு அது நல்ல தொடக்கமாகும்.

பிறர் அமர்வைக் கேட்பது சிகிச்சைக்கு ஈடாகாது. உறக்கமின்மை, உணவில் நாட்டமின்மை, ஆழ்ந்த சோர்வு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகுங்கள். வாழ விருப்பமில்லை என்னும் எண்ணம் எழுந்தால் ஒருபோதும் காத்திருக்க வேண்டாம். அருகிலிருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். பராமரிப்பாளர்களும் தமக்காக இவ்வெண்ணை அழைக்கலாம்.