ஏரியலை அளந்தறியும் கைக்கருவி

1999 அக்டோபர் 29 ஆம் நாள், அப்போது ஒரிஸ்ஸா என வழங்கிய ஒடிசாவின் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கியது. தொலைபேசித் தொடர்பு அற்றுப்போன இடங்களிலிருந்து செய்திகளை வெளியே கொணர்ந்தவர்களுள் அமெச்சூர் ரேடியோ அன்பர்களும் இருந்தனர். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, ஹைதராபாத்தைச் சேர்ந்த தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழுவினர் போர்ட் பிளேயரில் தங்கியிருந்தனர். உலகத்து ஹாம் அன்பர்களோடு தொடர்பு கொள்வதற்கெனச் சென்ற அவர்களுடைய நிலையம், அந்தமான்-நிக்கோபார் தீவுகளுக்கும் பெருநாட்டுக்கும் இடையே அவசரச் செய்திகளைச் சுமக்கும் நிலையமாக மாறிற்று.

இத்தகைய வேளைகளைப் பற்றிப் பேசுவோர் ரேடியோப் பெட்டியைப் புகழ்வர்; கம்பியைப் புகழ்வார் அரியர். ஆயினும், பெட்டி எத்துணை உயர்ந்ததாயினும், அதனோடு இணைந்த ஏரியல் பொருந்தாததாயின் பயன் குன்றும். புயலில் சாய்ந்த கம்பத்தை விட்டு, கையில் கிடைத்த கம்பியை இரு மரங்களுக்கிடையே கட்டி ஒரு மணி நேரத்துக்குள் தொடர்பை நிறுவ வேண்டிய நிலையில், ‘கம்பியின் நீளம் சரியா?’ என்ற வினாவுக்கு உடனே விடை வேண்டும். அவ்விடையைத் தருவதே ‘ஆன்டெனா அனலைசர்’ எனப்படும் கைக்கருவி.

கருவியைக் கையாளுமுன் அது எதை அளக்கின்றது என்பதை உணர்தல் வேண்டும். பருத்த கயிறு ஒன்றின் நுனியில் மெல்லிய கயிற்றைக் கட்டி, பருத்த கயிற்றை ஒருமுறை உதறினால், முடிச்சை அடைந்த அலையின் ஒரு பகுதி முன்னே செல்லும். ஒரு பகுதி உதறியவர் கைக்கே திரும்பும். டிரான்ஸ்மிட்டரிலிருந்து கேபிள் வழியே செல்லும் மின்னலையும் அவ்வாறே. கேபிளின் இயல்பான மின்னெதிர்ப்பு 50 ஓம் ஆகவும், ஏரியலின் மின்னெதிர்ப்பு வேறாகவும் இருந்தால், இணைப்பிடத்தில் ஒரு பங்கு திரும்பும். செல்லும் அலையும் திரும்பும் அலையும் கலந்து நிற்பதை ‘நிலை அலை விகிதம்’ என்னும் எண்ணால் குறிப்பர். விகிதம் 1 எனில் எதுவும் திரும்புவதில்லை. 1.5 எனில் ஆற்றலில் நூற்றுக்கு 4 பங்கும், 2 எனில் ஏறத்தாழ 11 பங்கும், 3 எனில் 25 பங்கும் திரும்புகின்றன. இக்காலத்து டிரான்ஸ்மிட்டர்கள் பல, விகிதம் மிகும்போது தம் டிரான்சிஸ்டர்களைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தாமே ஆற்றலைக் குறைத்துக் கொள்ளும். அக்காப்பு இல்லாதவை பழுதடையும்.

முன்னாளில் இதனை அறிய டிரான்ஸ்மிட்டரையே இயக்கி, இடையில் ஒரு மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பொருந்தாத ஏரியலில் ஆற்றலைச் செலுத்துவது பெட்டிக்கும் தீது. அதே அலைவரிசையில் பேசுவோர்க்கும் இடையூறு. அனலைசரோ, மிகச் சிறிய ஆற்றலுள்ள அலையைத் தானே பிறப்பித்து, அதிர்வெண்ணை விரும்பியவாறு மாற்றி, எதிரே இருப்பதன் மின்தடையையும் மின்மறுப்பையும் காட்டிவிடுகின்றது.

பயிற்சியை ஏரியலில் தொடங்குவது பலரும் செய்வது, நன்று அன்று. முதற்பாடம் மேசை மேலேயே நடைபெறலாம். 100 ஓம் கார்பன் தடை ஒன்றைக் குட்டையான கால்களுடன் கருவியின் வாயில் இணைத்தால் விகிதம் 2 எனக் காட்ட வேண்டும். அதனோடு இன்னொரு 100 ஓம் தடையைப் பக்க இணைப்பாகச் சேர்த்தால் மொத்தம் 50 ஓம் ஆகும். விகிதம் 1க்கு இறங்கும். நான்கு தடைகளைச் சேர்த்தால் 25 ஓம். விகிதம் மறுபடியும் 2. ஆகவே, விகிதம் ஒன்றை மட்டும் பார்ப்பவர் 100 ஓமையும் 25 ஓமையும் வேறுபடுத்தி அறியார் என்பது இரண்டு நிமிடங்களில் விளங்கிவிடும். கம்பி சுற்றிய தடைகளை இதற்குக் கொள்ளலாகாது. உயர் அதிர்வெண்ணில் அவை சுருளாகவே நடந்துகொள்ளும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஓம் விதியைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதனினும் எளிய அடுத்த படி கிடைப்பது அரிது.

இரண்டாம் பாடம் கேபிள். திண்மப் பாலித்தீன் நிரப்பிய கோஆக்சியல் கேபிளில் மின்னலை, வெளியில் செல்லும் வேகத்தில் நூற்றுக்கு 66 பங்கு வேகத்தோடு செல்லும். பத்து மீட்டர் கேபிளின் மறுமுனையைத் திறந்தபடி விட்டு, அதிர்வெண்ணைக் கீழிருந்து மெல்ல உயர்த்தினால், 4.95 மெகா ஹெர்ட்ஸ் அளவில் கருவி ஏறக்குறைய சுழி ஓம் எனக் காட்டும். திறந்த முனை குறுக்கிணைப்பைப் போலத் தோன்றுவது மாணவரை வியப்பில் ஆழ்த்தும். கேபிள் அவ்விடத்தில் கால் அலைநீளமாக அமைவதே காரணம். களப் பணியாளருக்கு இது வெறும் வியப்பு அன்று. அதே கேபிளில் இவ்விறக்கம் 8.25 மெகா ஹெர்ட்ஸில் தோன்றுமாயின், கருவியிலிருந்து ஆறு மீட்டர் தொலைவில் உட்கம்பி அறுந்திருக்கின்றது என்று பொருள். உறையைக் கிழித்துத் தேட வேண்டிய அவசியமில்லை.

இனி ஏரியல். நம் நாட்டு ஹாம் அன்பர்கள் பெரிதும் பயன்படுத்தும் 40 மீட்டர் அலைவரிசை 7.0 முதல் 7.2 மெகா ஹெர்ட்ஸ் வரை அமைந்தது. அதன் நடுவாகிய 7.1க்கு அரை அலைநீள டைபோல் கட்டுவோர், 143ஐ மெகா ஹெர்ட்ஸால் வகுத்து ஏறத்தாழ 20 மீட்டர் எனக் கொள்வர். தரையின் தன்மை, கம்பியின் உயரம், அருகிலுள்ள கூரை முதலியவை இவ்வளவைச் சிறிது மாற்றும் ஆதலின், சற்றே நீட்டி, 20.6 மீட்டராகக் கட்டுவது வழக்கம். மின்மறுப்பு சுழியாகும் இடம் 6.9 மெகா ஹெர்ட்ஸ் எனக் கருவி காட்டுவதாகக் கொள்வோம். 20.6ஐ 6.9ஆல் பெருக்கி 7.1ஆல் வகுத்தால் 20.02 மீட்டர், ஆக, ஒவ்வொரு கையிலும் 29 சென்டிமீட்டர் மிகை. அதனை வெட்டாமல் மடித்து, கம்பியோடு சேர்த்துச் சுற்றி மீண்டும் அளப்பதே அறிவுடைமை. வெட்டிய கம்பி வளராது.

இவ்வாறு ஒத்ததிர்வை அடைந்தபின்னும் விகிதம் 1.4 எனவே நிற்கலாம். அப்போது மின்தடை எவ்வளவு என்று பார்த்தல் வேண்டும். 72 ஓம் என்றிருந்தால், அது டைபோலின் இயல்பே. எவ்வளவு மடித்தாலும் குறையாது. கைகளைத் தாழ்த்தித் தலைகீழ் ‘வி’ வடிவாக்கினால் சிறிது இறங்கும். 1.4க்காக அரை நாளைச் செலவிடுவது தேவையற்ற உழைப்பு.

விகிதம் மிக அழகாக இருக்கும்போதுதான் ஐயுறவு கொள்ள வேண்டும். நீர் புகுந்து கெட்ட கேபிள், தன் வழியே செல்லும் அலையைப் போகும்போதும் திரும்பும்போதும் விழுங்குகின்றது. ஆற்றலில் பாதியை விழுங்கும் கேபிளின் மறுமுனையில் ஏரியலே இல்லாவிடினும், இம்முனையில் விகிதம் 3 எனவே காட்டும். இன்னும் கெட்டதாயின் 2க்கும் கீழே இறங்கும். கருவி பொய் சொல்லவில்லை. கேட்ட வினா தவறு. ஆகையால், இயலும்போதெல்லாம் ஏரியலின் அடியிலேயே ஒருமுறை அளந்து பார்த்தல் நலம்.

கருவியைக் காக்கும் முறையும் உண்டு. வறண்ட காற்றிலும் இடி முழங்கும் பொழுதிலும் நீண்ட கம்பியில் நிலைமின்சாரம் தேங்கும். கேபிளின் உட்கம்பியையும் உறைக்கம்பியையும் ஒருகணம் தொடச் செய்து, அதனை வெளியேற்றிய பின்னரே இணைக்க வேண்டும். மின்னல் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் இணைக்கவே கூடாது. அண்மையில் பெரிய ஒலிபரப்பு நிலையம் இருப்பின், அதன் அலை ஏரியல் வழியே புகுந்து எளிய கருவிகளை மயக்கும். மின்வாரியக் கம்பிகளுக்கு அருகே ஏரியல் கட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டா. அங்குப் போவது கருவி அன்று, உயிர்.

2019 முதல் பரவிய ‘நானோ வி.என்.ஏ.’ என்னும் சிறு கருவி, விலை மலிவால் மாணவர் கைக்கும் எட்டியுள்ளது. அளக்குமுன் திறந்த முனை, குறுக்கிணைப்பு, 50 ஓம் ஆகிய மூன்றையும் அதற்குக் காட்டி அளவொப்பு செய்தல் வேண்டும். அளக்கும் அதிர்வெண் எல்லையை மாற்றினால் மறுபடியும் செய்தல் நன்று. இதைச் செய்யாது எழுதிய எண்கள் தாளுக்குக் கேடு.

ஏரியல் நன்னிலையில் உள்ள ஒரு நாளில் 7.0, 7.1, 7.2 மெகா ஹெர்ட்ஸ்களில் மின்தடை, மின்மறுப்பு, விகிதம் ஆகியவற்றைக் குறித்து, தேதியுடன் நிலையத்துச் சுவரில் ஒட்டிவைப்பது சில இடங்களில் வழக்கம். மழையில் நனைந்த கம்பியின் ஒத்ததிர்வு சிறிதே கீழிறங்கும், உலர்ந்ததும் மீளும். உலர்ந்த பின்னும் மீளாவிடின், ஏணியைக் கொண்டுவந்து முதலில் நடு இணைப்பைப் பார்க்க வேண்டும். நீர் புகுவது பெரும்பாலும் அங்கேதான்.