உயிர்க் குடில்

கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி வீடுகளிலும் கோயில்களிலும் குடில் அமைக்கும் வழக்கத்தை நாம் அனைவரும் அறிவோம். மண்ணாலும் சுண்ணத்தாலும் செய்த உருவங்களுக்குப் பதிலாக, ஊர் மக்களே மரியாளாகவும் சூசையாகவும் இடையர்களாகவும் கோலம் பூண்டு, உயிருள்ள ஆடு மாடுகளோடு தொழுவத்தில் நிற்பார்களாயின் அதனை உயிர்க் குடில் எனலாம். வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர் டிசம்பர் மாதத்தில் குழந்தை குட்டிகளோடு கண்டுவரத்தக்க காட்சி இது. அதன் வரலாற்றையும் பொருளையும் அறிந்து செல்வோருக்குப் பயன் இருமடங்காகும்.

இவ்வழக்கத்திற்குப் பெரும்புகழ் தேடித் தந்தவர் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் அடிகள். 1223ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் கிரெச்சியோ என்னும் மலையூரில் அவர் கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடினார். விழாவுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்னதாகவே, அவ்வூர்ச் செல்வரான ஜொவான்னி என்பவரை அழைத்து, தொழுவம் ஒன்றை ஆயத்தம் செய்யுமாறு வேண்டினார். வைக்கோல் பரப்பப்பட்டது, எருது ஒன்றும் கழுதை ஒன்றும் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. ஊரார் பந்தங்களை ஏந்தி இருளில் மலையேறி வந்தனர். முன்னணையருகே திருப்பலி நடந்தது. அடிகள் நற்செய்தியைப் பாடி, ஏழையாய்ப் பிறந்த இறைவனைப் பற்றி உரையாற்றினார். அவருடைய வரலாற்றை முதன்முதலில் எழுதிய செலானோ ஊர்த் தோமாஸ் இச்செய்திகளைக் குறித்து வைத்துள்ளார். அந்த வைக்கோலை மக்கள் பத்திரப்படுத்தி, நோயுற்ற கால்நடைகளுக்கு மருந்தெனக் கொடுத்தனர் என்றும் அவர் கூறுகிறார். 2023ஆம் ஆண்டில் அந்நிகழ்ச்சியின் எண்ணூறாம் ஆண்டு நிறைவுற்றது.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. கிரெச்சியோவில் மரியாளாகவோ சூசையாகவோ ஒருவரும் வேடம் பூண்டதாகத் தோமாஸ் கூறவில்லை. அங்கிருந்தவை தொழுவமும் வைக்கோலும் விலங்குகளுமே. குழந்தை பட்ட குளிரையும் வறுமையையும் கண்ணாரக் காணவேண்டும் என்பதே அடிகளின் விருப்பம். மாந்தர் வேடம் பூணுதல் பின்னாளில் பெருகிய வழக்கம்.

இன்று நாம் காணும் குடில் இரு நற்செய்திகளின் இணைப்பு. முன்னணையையும் இடையர்களையும் கூறுவது லூக்கா எழுதிய நூல். விண்மீனையும் கீழ்த்திசை ஞானிகளையும் கூறுவது மத்தேயு எழுதிய நூல். ஞானியர் மூவர் என்று மத்தேயு எண்ணிக்கை சொல்லவில்லை. காணிக்கை மூன்றாதலின் கொடுத்தவரும் மூவர் எனப் பிற்காலத்தார் கொண்டனர். எருதும் கழுதையும் இரு நூல்களிலும் இல்லை. ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கொன்றை ஒட்டி அவை குடிலுக்குள் வந்தன.

சூசையப்பரைத் தமிழில் காவியத் தலைவராக்கியவரும் இத்தாலியரே என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 'வளன்' என்று அவருக்கு இனிய தமிழ்ப்பெயர் சூட்டி, தேம்பாவணியை 3,615 பாடல்களில் இயற்றியவர் வீரமாமுனிவர்.

இனி, இக்காட்சியின் பொருளை விளங்கிக்கொள்ளத் தேவிகுளத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் அரிது. மூணாற்றுக்கு அருகே, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மலைப்பகுதி அது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது கேரளத்தில் அமைந்தது. ஆயினும் தோட்டங்களில் உழைப்போரில் மிகப் பலர் தமிழர். அவர்களுடைய முன்னோர், கங்காணிகளின் பின்னே போடிநாயக்கனூர் வழியாகக் காட்டுப்பாதையில் மலையேறியவர்கள். மூணாற்றுக் கார்மேல் மாதா கோயில் 1898ஆம் ஆண்டிலேயே தோன்றியது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் அம்மலைகளில் புல்நுனியெல்லாம் உறைபனி படிவதுண்டு. பச்சிளங் குழந்தையை வைக்கோலில் கிடத்துதல் எத்தகைய துன்பம் என்பதைச் சமவெளியில் விளக்கவேண்டும், அங்கு விளக்கவேண்டியதில்லை.

குளிர் மட்டுமன்று. சூசையும் மரியாளும் குடிமதிப்பு எழுதப்படும்பொருட்டு நாசரேத்தூரை விட்டு நெடுந்தூரம் நடந்தவர்கள். சத்திரத்தில் இடம் பெறாதவர்கள். பின்னர் எகிப்துக்கு ஓடியவர்கள். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் சென்ற குடும்பத்துக்கு இக்கதை அயலார் கதையாகுமோ? வேலை உள்ளவரை லயத்தில் இடம், வேலை முடிந்தால் அவ்விடமும் இல்லை என்பது தோட்டங்களின் நெடுநாளைய நடைமுறை. ஆயுள் முழுவதும் கொழுந்து பறித்த மூதாட்டி, ஓய்வு பெற்றபின் எங்கே தங்குவது என்று கலங்கும் நிலை அதனால் எழுகிறது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எழுபது உயிர்கள் மடிந்தன. அவர்களுள் மிகப் பலர் தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். பாதுகாப்பான கூரை என்பது எத்துணை அரிய பேறு என்பதைத் தொழுவக் காட்சி நமக்கு நினைவூட்டவேண்டும். அலங்கார விளக்குகளை மட்டும் கண்டு திரும்புவோமாயின், அடிகள் வைக்கோல் பரப்பியதன் நோக்கம் வீணாகிவிடும்.

குழந்தைகளோடு செல்வோர் சில செய்திகளை மனத்திற் கொள்க. உயிர்க் குடிலில் பெரும்பாலும் வசனம் இராது. கோலம் பூண்டோர் அசையாது நிற்பர். ஆகவே பம்பாயிலாயினும் கல்கத்தாவிலாயினும் மொழி அறியாதாரும் அதனை விளங்கிக்கொள்ளலாம். அதே காரணத்தால், கதையைச் சொல்லும் பொறுப்பு பெற்றோருடையதாகிறது. அப்பொறுப்பைத் தமிழிலேயே நிறைவேற்றுங்கள். தொழுவம், முன்னணை, வைக்கோல், இடையர், கிடை என்னும் சொற்களை நகரத்து அடுக்குவீட்டில் வளரும் குழந்தை கேட்க வாய்ப்பில்லை. இடையர் இரவில் மந்தையைக் காத்தனர் என்னும்போது, நம் நாட்டில் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டு, பனியில் விழித்திருக்கும் கீதாரிகளைப் பற்றியும் சொல்லுங்கள். நற்செய்தி முதன்முதலில் எட்டியது அத்தகைய இரவுக் காவலர் செவிகளுக்கே என்பதைக் குழந்தை எளிதில் உணரும்.

விலங்குகளுக்கருகே கூச்சலிடுதலும், ஒளிப்படம் எடுப்பதற்காக நெருக்கியடித்தலும் ஆகா. குழந்தை கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை கூறுங்கள். அவற்றுள் "இவர்களுக்கு ஏன் வீடு கிடைக்கவில்லை?" என்னும் கேள்வி எழுமாயின், விரைந்து கடந்துவிடாதீர்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வூரார் மலையேறிச் சென்று கண்ட காட்சி எழுப்புவதும் அக்கேள்வியையே. விடை சொல்லவேண்டியவர்கள் நாம்.