தங்கவயலின் இன்னொரு சாட்சி



2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்னும் கறுப்பின மனிதர் போலீஸ்காரரின் முழங்காலின்கீழ் உயிர்விட்டார். நம் வீடுகளிலும் அதைக் குறித்துப் பேசினோம். "நல்லவேளை, நம் ஊரில் அப்படியில்லை" என்று யாராவது முடித்துவைத்திருப்பார். கோலார் தங்கவயலிலிருந்து குடிபெயர்ந்த குடும்பமானால், அறையின் மூலையில் அமர்ந்திருந்த தாத்தாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தங்கவயலைக் 'குட்டி இங்கிலாந்து' என்பார்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. கிளப்பும் கோல்ஃப் மைதானமும் இருந்தன. எல்லாம் மெய்யே. ஆனால் அது பங்களா வாசலிலிருந்து பார்த்த ஊர். மேற்பதவிகளில் ஐரோப்பியர், அவர்களுக்குக் கீழே ஆங்கிலோ இந்தியர், பாறைக்கடியில் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். இவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். நிறத்தினிமித்தம் ஒரு படி, சாதியினிமித்தம் மறுபடி என்று இருமுறை கீழே வைக்கப்பட்டவர்கள். வேலை முடிந்து மேலே வந்தால், தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று உடலைச் சோதித்தார்கள். 1930-இல் விரல்ரேகையைப் பதிவுசெய்ய நிர்வாகம் முற்பட்டபோது, தொழிலாளர் சுரங்கத்தில் இறங்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியைக் காட்டிலும் மானம் பெரிதாயிருந்த நாட்கள் அவை.

இந்தியாவில் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் முதன்முதல் 1947-இல் கோலாரிலிருந்து அறிவிக்கப்பட்டதாக மருத்துவப் பாடநூல்கள் கூறுகின்றன. அந்த ஆய்வில் 7,000-க்கு மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்ததில், 100-க்கு 40 பேருக்கு மேல் நோய் இருந்தது. ஜான் டெய்லர் வந்து 67 ஆண்டுகள் கழித்து! லைன் வீடுகளில் மனைவிமார் இரவெல்லாம் கேட்டிருந்த இருமலுக்கு அதுவரை பாடநூலில் இடமில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு கூடியது. சாதி என்பது இனம் அல்ல, ஆகவே அதை அங்கே பேசலாகாது என்று இந்திய அரசு வாதித்தது. தலித் பிரதிநிதிகளோ நேரில் சென்று தாங்கள் பட்டதைச் சொன்னார்கள். மறு ஆண்டே ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, பிறப்பின் அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று அறிவித்தது. சொல்லின் இலக்கணம் அறிஞருக்கு அவசியமாயிருக்கலாம். அதைக் காட்டி அடிபட்டவனின் வாயை அடைப்பது வேறு காரியம்.

நம் சபைகளில் ஒரு சகோதரி எழுந்து சாட்சி சொல்லும்போது யாரும் குறுக்கிடுவதில்லை. அதே சகோதரி, வாடகை வீடு கேட்டுப்போன இடத்தில் எந்தச் சாதி என்று விசாரித்தார்கள் என்றால் மாத்திரம், "அதையெல்லாம் ஏன் கிளறுகிறீர்கள்?" என்கிறோம். இது எனக்கு விளங்கவில்லை. கேட்பதனால் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பெரியவர் ஆண்டைத் தவறாகச் சொல்லலாம்; ஆண்டை ஏடுகளில் சரிபார்த்துக்கொள்ளலாம். தம் தகப்பனார் துரையின் முன் எப்படி நின்றார் என்பது எந்த ஏட்டில் கிடைக்கும்?

மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் பிள்ளைகளே, ஞாயிறன்று வீட்டிலிருக்கையில் கேளுங்கள்: எந்த லைன், எந்த ஷாஃப்ட், சோதனைக்கு எங்கே நிறுத்தினார்கள், என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று. நடுவில் இருமினால், அடங்கும்வரை காத்திருங்கள்.