முதலில் மானிட்டரைச் சொல்லு!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுவது என் தொழில். அப்பா கட்டம் போட்ட தாளில் பென்சிலால் புள்ளி வைத்து அன்னமும் யாளியும் வரைவார். நான் அதே கட்டங்களைக் கம்ப்யூட்டரில் நிரப்புகிறேன். அதனால் தெருவில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். இந்த முறை கேட்டவன் காலேஜில் சேர்ந்திருக்கும் அக்கா மகன். கேம் விளையாட ஒரு சிஸ்டம் அசெம்பிள் பண்ண வேண்டுமாம். மானிட்டரோடு சேர்த்து ஒரு லட்சம், அதற்குமேல் ஒரு ரூபாய் கிடையாது என்று அக்கா சொல்லிவிட்டாள்.

அவன் செல்போனில் எழுதி வைத்திருந்த பட்டியலை வாங்கிப் பார்த்தேன். ப்ராசசர் ஐ-நைன். கண்ணாடி கேபினட், அது நிறைய கலர் விளக்கு விசிறிகள். கிராபிக்ஸ் கார்டு மட்டும் பழைய மாடல். எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குக் கம்பெனி பெயரே இல்லை, ‘600 வாட்’ என்று மட்டும் இருந்தது.

“ஐ-நைன் போட்டா எல்லா கேமும் ஓடும்னு சொல்றாங்க மாமா.”

“ஓடட்டும்டா. முதல்ல மானிட்டரைச் சொல்லு. எதுல பாக்கப் போற?”

கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. சாதாரண ஃபுல் எச்.டி. திரையில் 1920-க்கு 1080, அதாவது சுமார் 20 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் அதைப்போல 1.8 மடங்கு, 4கே திரையில் 4 மடங்கு. ஒவ்வொரு பிரேமுக்கும் இத்தனை புள்ளிகளையும் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு. புள்ளிகள் கூடக் கூட அதன் வேலை ஏறும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 படம்தான் காட்டும். கார்டு 150 படம் தயாரித்தாலும் மிச்சம் கண்ணுக்கு வராது. அவன் பட்ஜெட்டுக்கு 24 இன்ச், ஃபுல் எச்.டி., 144 ஹெர்ட்ஸ் போதும். ஐ.பி.எஸ். பேனலாக எடுக்கச் சொன்னேன். மலிவான டி.என். பேனலில் சற்றுச் சாய்ந்து பார்த்தால் பட்டுச்சேலையின் எம்.எஸ். நீலம் ஒரு நிறம், நேராகப் பார்த்தால் வேறு நிறம். நாளைக்கு அவனே டிசைன் போட உட்கார்ந்தாலும் உதவும்.

அடுத்து, என்ன கேம்? வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி ஆட்டங்களுக்கு நடுத்தர கார்டே தாராளம். அங்கே ப்ராசசரின் வேகம்தான் பேசும். சைபர்பங்க் 2077 போன்றவை கார்டைப் பிழிந்தெடுக்கும். இவனுக்கு இரண்டும் வேண்டும். எனவே ஐ-நைனை அடித்துவிட்டு 6 கோர் உள்ள ரைசன் 5 7600 எழுதினேன். மிச்சமான பணம் கார்டுக்குப் போனது. 2025 மே மாதம் வந்த ஆர்.டி.எக்ஸ். 5060, நினைவகம் 8 ஜிபி. கேம் சிஸ்டத்தில் மொத்தச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கார்டுக்குப் போவதுதான் முறை.

அந்த ப்ராசசர் உட்காரும் சாக்கெட்டின் பெயர் ஏ.எம்.5. இதற்கு முந்தைய ஏ.எம்.4 சாக்கெட்டுக்கு 2024-லும் புது ப்ராசசர் வந்தது. ஏ.எம்.5-உம் அப்படி நீடித்தால் சில வருஷம் கழித்து மதர்போர்டை மாற்றாமலே ப்ராசசரை மட்டும் மாற்றலாம். ஒன்று கவனிக்க வேண்டும்: ஏ.எம்.5-இல் டி.டி.ஆர்.5 ராம் மட்டுமே ஏறும். 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டதில் ராம் விலை எகிறிவிட்டது. விலைக்குப் பயந்து ஒற்றை ஸ்டிக் போடாதீர்கள். 8 ஜிபி ஸ்டிக் இரண்டாகப் போட்டால் வேகம் கூடும். மாட்டியதும் பயாஸில் எக்ஸ்போ என்ற அமைப்பை ஆன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் காசு கொடுத்த வேகம் வராது.

இனி எஸ்.எம்.பி.எஸ். ஜரிகையை லேசாக உரசி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்க்கிற ஊர் இது. எஸ்.எம்.பி.எஸ்.ஸை உரசிப் பார்க்கும் இடம் அதன் பக்கவாட்டு ஸ்டிக்கர். +12வி என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். 54 என்றிருந்தால் 12 × 54 = 648 வாட்; அது நிஜமான 650. வெளியே 600 என்று போட்டு அந்தக் கட்டத்தில் 18 என்றிருந்தால் கையில் கிடைப்பது வெறும் 216 வாட். கார்டு மட்டும் 145 வாட் இழுக்கும். ப்ராசசரும் மற்றதும் சேர்ந்தால் 300-ஐ நெருங்கும். 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கல) தரத்தில் பெயர் தெரிந்த 550 அல்லது 650 வாட் வாங்கினால் நிம்மதி.

கத்திரி வெயிலில் நம் ஊர் 40 டிகிரியைத் தொடும். தறி ஓடும் வீட்டில் பட்டுத் தூசு வேறு பறக்கும். அதனால் முன்பக்கம் வலை வைத்த, கழற்றிக் கழுவும் ஃபில்டர் உள்ள கேபினட் எடுத்து, தரையில் வைக்காமல் மேஜைமேல் வையுங்கள். சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ். சுமார் 360 வாட் தாங்கும். ஆட்டத்தின் நடுவே கரண்ட் போனால் மூச்சுமுட்டும். 1000 வி.ஏ. நல்லது. அதுவும் ஆட்டத்தைச் சேமித்து ஷட்டவுன் செய்ய மட்டும்.

சாமான் வாங்க சென்னை ரிச்சி தெருதான். அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்தில் ஒரே பொருளுக்குக் கடைக்குக் கடை விலை மாறும்; நாலு கடை ஏறி இறங்குவதில் வெட்கம் வேண்டாம். ‘டிரே’ ப்ராசசர் விலை குறைவு. ஆனால் பெட்டியும் கூலரும் வராது, கம்பெனி வாரன்டியும் இருக்காது. பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். ஜி.எஸ்.டி. பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் இருக்கட்டும். மூன்று வருஷ வாரன்டி கேட்டுப் போகும்போது அந்தத் தாள்தான் பேசும்.

பணம் பற்றவில்லை என்றால் விளக்கை வெட்டுங்கள், கண்ணாடியை வெட்டுங்கள், ப்ராசசரில் ஒரு படி இறங்குங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் கை வைக்காதீர்கள். அது போகும்போது தனியாகப் போகாது. பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டுதான் போகும்.